தம்பியைப் பற்றி மேடையில் என்ன பேசுவது?

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, வாய் விட்டுப் பேச முடியாது. எழுத்துப் பலகையை வைத்துக் கண்ணாலேயே பேசுவான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நாங்களே ஊகித்து வாக்கியத்தை முடித்துவிட்டால், கோபத்தில் கண்ணை மூடிக்கொள்வான். போன வருடம், 34 வயதில், நிமோனியாவில் இறந்துவிட்டான். அடுத்த மாதம் முதல் நினைவு நாள். அவன் போய்வந்த பகல்நேர மையத்தின் நண்பர்கள், பதினோரு வருடம் கூடவே இருந்த உதவியாளர், பிசியோதெரபிஸ்ட், அக்கம்பக்கத்தார் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்தப்போகிறார்கள். என்னைப் பேசச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இதில் விருப்பமே இல்லை. “பட்ட பாடு போதும், பிள்ளைக்கு விடுதலை கிடைச்சாச்சு, அதை ஏன் கிளறணும்” என்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களும் “அவனுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை” என்றுதான் சொன்னார்கள். கேட்கும்போதே எரிந்தது. ஆனால் ராத்திரி அலாரம் வைக்காமல் தூங்கி எழுகிற நாளில் எனக்கே நிம்மதியாக இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. மேடையில் நான் என்ன பேசுவது? உதவிய எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாமா? சக்கர நாற்காலி தெரியாமல் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் வைக்கலாம் என்கிறார் சித்தப்பா. மையத்தில் அவனுடைய நெருங்கிய நண்பர் ஒருவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர். “ஊருக்குப் போயிருக்கான்” என்றுதான் இதுவரை அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பேசிவிடுகிறேன். தூங்கி எழுந்தால் நிம்மதியாக இருக்கிறது, அதைத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவரைப் புரட்டிப் படுக்கவைப்பது என்றால் என்னவென்று, அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து அறையில் மூச்சுச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் விழித்துக்கொள்கிற தூக்கம் அது. வருடக்கணக்கில் அப்படிக் கிடந்த உடம்பு இப்போது முழு ராத்திரி தூங்குகிறது. அந்த நிம்மதி உங்கள் உடம்புக்கு வந்தது. தம்பி இல்லாமல் போனதில் வந்த சந்தோஷம் அல்ல அது. இரண்டும் ஒரே காலைப்பொழுதில் சேர்ந்து வருவதால் ஒன்று போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இது உங்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பின்பு அவர்களை இழந்த 217 குடும்பத்தினரைப் பற்றிய ஓர் ஆய்வை, ரிச்சர்ட் ஷுல்ஸும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்டார்கள். அந்த மரணம் தங்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது என்று சொன்னவர்கள் 72 சதவீதம். முதுமையில் வரும் நோயும் உங்கள் தம்பியின் நிலையும் வேறு வேறுதான். ஆனாலும், உயிருக்குயிராகப் பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த உணர்வு வருகிறது. அது வந்ததால் அவர்கள் பாசம் குறைந்தவர்கள் ஆகிவிடவில்லை. நீங்களும் அப்படித்தான்.

சரி, அதே நிம்மதியை மற்றவர்கள் வாயால் கேட்கும்போது ஏன் எரிகிறது? நீங்கள் சொல்வது ஒன்று, அவர்கள் சொல்வது இன்னொன்று. கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறியது முடிந்ததே என்று நீங்கள் நிம்மதி அடைகிறீர்கள். அவர்களோ 34 வருடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அது முடிந்ததே நல்லது என்கிறார்கள். வாழ்ந்ததற்கு வாழாமல் இருந்திருக்கலாம் என்கிற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நடக்கவும் பேசவும் முடிந்த ஒரு 34 வயது இளைஞன் நிமோனியாவில் இறந்திருந்தால் ஒருவராவது அப்படிச் சொல்லியிருப்பாரா? உங்கள் கோபம் நியாயமானது. அடுத்த முறை யாராவது சொன்னால், “கடைசி வாரம் அவன் பட்ட கஷ்டம் முடிந்ததில் எங்களுக்கு ஆறுதல். அவன் வாழ்க்கை முடிந்ததில் ஆறுதல் இல்லை” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அமெரிக்கத் துயர ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். சுற்றி இருப்பவர்கள் இழப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கம். அழுவதற்கு உரிமை உண்டு என்று யாரும் ஒப்புக்கொள்ளாததால், அழுகிறவரே தனக்கு உரிமை இல்லையோ என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில், மாற்றுத்திறனாளியாக இருந்த அண்ணனையோ தங்கையையோ இழந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். “அம்மா எப்படி இருக்காங்க?” என்றுதான் எல்லாரும் அவர்களிடம் விசாரிக்கிறார்கள். “நீ எப்படி இருக்கே?” என்ற கேள்வி அவர்களுக்கு வருவதே இல்லை. உங்களிடம் அதை யாராவது கேட்டார்களா?

கூட்டம் நடக்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். இத்தனை பேர் ஓரிடத்தில் கூடி, இது எங்களுக்கு இழப்பு என்று வாய்விட்டுச் சொல்வது உங்களுக்குத் தேவை.

இனி, என்ன பேசுவது என்பது. நன்றி சொல்லி முடித்துக்கொள்ள வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான நினைவுக் கூட்டங்கள் பலவற்றுக்கு நேர்வது இதுதான். போனவரைப் பற்றி இரண்டு வரி, பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி இருபது வரி. கூட்டம் கலையும்போது எல்லாரும் எவ்வளவு நல்லவர்கள் என்பது மனதில் நிற்கும், அவர் எப்படிப்பட்டவர் என்பது நிற்காது. நன்றி சொல்லுங்கள், அழைப்பிதழிலோ கடைசியில் ஒரு நிமிடத்திலோ. பேச்சு தம்பியைப் பற்றி இருக்கட்டும்.

அவர் பேசிய விதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் வரிசை வரிசையாக விரலை நகர்த்த வேண்டும், சரியான வரிசை வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார், பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாகப் போக வேண்டும், மறுபடி கண்ணைத் தூக்குவார். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். தமிழில் 247 எழுத்து. “சும்மா இரு” என்று சொல்ல ஐந்து எழுத்து, பத்து முறை கண்ணைத் தூக்க வேண்டும். நாம் யோசிக்காமல் உதிர்க்கிற இரண்டு வார்த்தைக்கு இவ்வளவு உழைப்பு. அதில் பாதியில் யாராவது குறுக்கே புகுந்து முடித்துவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளாமல் என்ன செய்வார்? உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அந்த ஒரு வரியில் ஒரு முழு மனிதர் தெரிகிறார். தன் வாக்கியத்தைத் தானே முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற, கோபப்படத் தெரிந்த மனிதர். மேடையில் அங்கிருந்தே தொடங்கலாம்.

அப்புறம், கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே ஒரே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: “அவன் உங்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா?” அவ்வளவு பாடுபட்டுச் சொன்ன வாக்கியம் கேட்டவருக்கு எளிதில் மறக்காது. பிசியோதெரபிஸ்டிடம் “வலிக்குது, நிறுத்து” என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டிருக்கலாம். உதவியாளரைக் கிண்டல் செய்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாத தம்பி ஒருவர் இவர்களிடமெல்லாம் சிதறிக் கிடக்கிறார். அந்த வாக்கியங்களை, யாரிடம் சொன்னார் என்பதோடு, ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாலே போதும். உங்கள் பேச்சில் பாதி அதுவாகவே அமைந்துவிடும். ஒரு பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குரல் உடைந்தால் வாசித்து முடிக்க இன்னொருவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

“எப்போதும் சிரித்த முகம்”, “தெய்வக் குழந்தை”, “நமக்கெல்லாம் ஒரு பாடம்” போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 34 வயது ஆண்மகனைக் குழந்தை ஆக்குவது மரியாதை அல்ல. சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014இல் தன் 32ஆவது வயதில் இறந்தார். மாற்றுத்திறனாளிகளை மற்றவர்களின் ஊக்கத்துக்கான காட்சிப் பொருளாக்கும் பழக்கத்தைக் கடைசி வரை எதிர்த்துப் பேசியவர் அவர். உங்கள் தம்பி யாருக்கும் பாடம் நடத்துவதற்காக வாழவில்லை. அவருக்குப் பிடித்தது, பிடிக்காதது, பொறாமைப்பட்டது, அடம்பிடித்தது, யாரையாவது மனதுக்குள் விரும்பியது, எல்லாம் இருந்திருக்கும். அதில் சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். உங்களோடு சண்டை போட்ட கதை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அக்காவோடு சண்டை போடாத தம்பி உண்டா?

கஷ்டத்தை மறைக்கவும் வேண்டாம். தூக்கம் கெட்டது, மருத்துவமனைக்கு அலைந்தது, ஏறவே முடியாத படிக்கட்டுகள், இதெல்லாம் நடந்தவைதானே. ஆனால் ஒன்று கவனியுங்கள். படிக்கட்டு தம்பியின் குறை அல்ல, அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களின் குறை. எந்தக் கஷ்டம் அவர் உடம்பால் வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால், “பட்ட பாடு” என்று அம்மா சொல்வதில் பெரும்பகுதி இரண்டாவது வகை என்று தெரியவரும். மேடையில் அதைக் கோபத்தோடு சொன்னாலும் தப்பில்லை.

உதவியவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 19ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மற்ற எல்லாரையும் போலச் சமூகத்துக்கு நடுவில், தன் விருப்பப்படி வாழ ஒருவருக்கு உரிமை உண்டு என்று சொல்கிற பிரிவு. அதற்கு வேண்டிய ஆதரவு, தனிப்பட்ட உதவியாளர் உட்பட, கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தம்பி வீட்டில் இருந்தார், மையத்துக்குப் போனார், நண்பர்களைச் சம்பாதித்தார். அவருக்குச் சேர வேண்டிய வாழ்க்கைதான் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் நன்றியின் தொனி மாறும். கடன்பட்டவர் கைகூப்புவது போல இல்லாமல், கூட வாழ்ந்தவர்களோடு சேர்ந்து நிற்பது போல இருக்கும். அவர்களும் தம்பியிடமிருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். என்ன வாங்கிக்கொண்டார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

முக்கியமாக அந்த உதவியாளர். பதினோரு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, பலகையைப் பிடித்தவர், ஒரே நாளில் தம்பியையும் இழந்தார், வேலையையும் இழந்தார். வீட்டாருக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வரும். அவருக்கு யார் வந்தார்கள்? அடுத்த வாரமே இன்னொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். சம்பளம் வாங்கியவர்தானே என்று அவருடைய துக்கத்தை உலகம் கண்டுகொள்ளாது. கூட்டத்தில் அவரை முன்வரிசையில், குடும்பத்தோடு உட்காரவையுங்கள். பேச விரும்பினால் உங்களுக்கும் முன்னால் அவர் பேசட்டும். தம்பியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

படத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியை வெட்ட வேண்டாம். தம்பி தெருவுக்கு வந்ததும் நண்பர்களிடம் போனதும் அந்த நாற்காலியில்தான். அதை மறைப்பதில் வெட்கம் தெரிகிறது, அவர் வெட்கப்பட்டதாக நீங்கள் எழுதவில்லை. தனக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால், அதையே வையுங்கள். சித்தப்பாவிடம் வாதாட வேண்டியதில்லை, “இது அவன் தேர்ந்தெடுத்த படம், சித்தப்பா” என்றால் போதும்.

இப்போது அந்த நண்பர். ஒரு வருடமாக அவர் காத்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் போனவன் ஏன் திரும்பவில்லை, என்மேல் கோபமா என்றுகூட யோசித்திருப்பார். மனது உடைந்துவிடும் என்று பயந்துதான் மறைத்திருப்பார்கள், அந்த அக்கறை புரிகிறது. ஆனால் தெரியாமல் காத்திருப்பதும் ஒரு துன்பம்தான், அதுவும் ஆறுதல் சொல்ல யாரும் இல்லாத துன்பம். அவரிடம் சொல்ல வேண்டும். கூட்டத்தில் படத்தைப் பார்த்து அவராகவே தெரிந்துகொள்ளும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள். சில நாள் முன்னதாகவே, அவருக்குப் பழக்கமான ஒருவர், பழக்கமான இடத்தில், அவசரம் இல்லாத நேரத்தில் சொல்லட்டும். அவருடைய வீட்டாரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

“தூங்கிட்டான்”, “சாமிகிட்ட போயிட்டான்” என்றெல்லாம் சுற்றி வளைத்தால் குழப்பம்தான் கூடும், தூங்குவதற்கே பயந்துபோகிறவர்களும் உண்டு. நேராகச் சொல்ல வேண்டும். “அவனுக்கு நுரையீரல்ல பெரிய நோய் வந்துச்சு. டாக்டருங்க மருந்து கொடுத்தாங்க. சரியாகல. அவன் இறந்துட்டான். அவன் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மையத்துக்கு வர மாட்டான். உன்மேல அவனுக்குக் கோபம் இல்லை.” ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் துக்கச் செய்தி சொல்வது பற்றி நீண்ட காலம் ஆராய்ந்துவரும் ஐரீன் டஃப்ரி-வைன் வலியுறுத்துவதும் இதைத்தான்: அவருக்கு ஏற்கனவே தெரிந்ததோடு சேர்த்து, சின்னச் சின்னத் துண்டாக, அவர் தாங்கும் வேகத்தில். ஊருக்குப் போனதாகச் சொன்னது தப்பு என்றும் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

அன்று அவர் அழாமலே இருக்கலாம். “சரி” என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விடலாம். இரண்டு வாரம் கழித்துச் சாப்பிட மறுக்கலாம், தூக்கம் கெடலாம், காரணமில்லாமல் கோபப்படலாம். அது துக்கம்தான், சேட்டை அல்ல என்று மையத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அதே கேள்வியைப் பலமுறை கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே பதிலை, அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வர விருப்பமா, வந்தால் என்ன செய்ய விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். இருவரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஆசைப்படலாம், ஒரு பாட்டு போடச் சொல்லலாம். வர மாட்டேன் என்றாலும் சரி.

ஏற்பாடுகளில் ஒரு சில விஷயங்கள். அரங்கத்துக்குச் சாய்தளம் இருக்கும், மேடைக்கு இருக்காது. அதனால் மைக்கைக் கீழேயே வைத்து எல்லாரும் தரையிலிருந்து பேசட்டும். சக்கர நாற்காலிகளைக் கடைசி வரிசையில் ஒதுக்காமல் நடுநடுவே இடம் விடுங்கள். தம்பியைப் போலவே பலகையிலோ கருவியிலோ பேசுகிற நண்பர்கள் இருந்தால், கேள்வியை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அன்று அவர்கள் பேசும்போது கூட்டம் காத்திருக்கட்டும். நேரமாகிறது என்று வேறொருவர் எழுந்து அவர்களுக்காக முடித்துவைக்க வேண்டாம். இதை மட்டும் தொகுத்து வழங்குபவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். தம்பிக்குப் பிடிக்காதது எது என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

அம்மாவிடம் வருகிறேன். அவரும் “விடுதலை” என்றுதான் சொல்கிறார். ஆனால் துக்கம் கேட்க வந்தவர் சொல்வதும் அம்மா சொல்வதும் ஒன்றல்ல. 34 வருடம் நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது எதுவும் இல்லை. பிள்ளைக்கு நல்லதுதான் நடந்தது என்று நினைத்தால்தான் அந்த வெறுமையில் அவரால் நிற்க முடிகிறது. அந்தப் பிடிமானத்தைத் தட்டிவிடாதீர்கள். துயர ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹென்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பை நெருங்கிப் போவதும், அதிலிருந்து விலகி அன்றாட வாழ்க்கையைக் கவனிப்பதுமாக மாறி மாறி இருப்பார்கள், இரண்டுமே தேவை என்கிறார்கள் அவர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பது அரிது. நீங்கள் பேச வேண்டும் என்கிற பக்கம் இருக்கிறீர்கள், அம்மா பேச வேண்டாம் என்கிற பக்கம் இருக்கிறார். நாளைக்கே இது தலைகீழாகலாம்.

அதனால் கூட்டத்தை நிறுத்தவும் வேண்டாம், அம்மாவை இழுத்துவரவும் வேண்டாம். “நாங்க கூடறோம்மா. நீ வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி” என்று சொல்லிவையுங்கள். வந்தால் மைக்கை நீட்ட வேண்டாம். வராவிட்டால், சேர்த்துவைத்த அந்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எப்போது படிப்பது என்பது அவர் இஷ்டம். தம்பியின் நாற்காலியை யாருக்காவது கொடுக்கும் பேச்சு இப்போது வேண்டாம். அவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த இருக்கையாக இருந்தால், மாற்றியமைக்காமல் இன்னொருவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் அதே தீவிரத்தில் ஏக்கம், சாப்பாட்டிலும் மனிதர்களிலும் பற்றே இல்லாமை, தானும் போய்விட்டால் தேவலை என்கிற பேச்சு, இவை அம்மாவிடமோ உங்களிடமோ இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துயரத்தைத் தனி நோயாகவே இப்போது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 6 மாதம் தாண்டியும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் தாண்டியும், அன்றாட வாழ்க்கையையே முடக்குகிற துயரத்தை அப்படிச் சொல்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்கிற பேச்சு வந்தால் மட்டும் மாதக் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே போங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் அந்த நிலையில் இல்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல முடியும். கூட்டம் முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.